வடகவுஞ்சிக்கு இருபது மூட்டை உரம்

வெள்ளிக்கிழமை, காலை 6.20. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வண்டி புறப்பட்டது. அட்டவணைப்படி ஆறு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். இதைக் குறித்துவைக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. முப்பத்தோரு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சீட்டு அறுபத்தைந்து ரூபாய். தூரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ஏரியில் படகு விடவோ குளிரை அனுபவிக்கவோ நான் மலையேறவில்லை. குப்பை பார்க்கப் போகிறேன். இதைச் சொன்னபோது என் மனைவி, "குப்பை நம்ம தெருமுனையிலேயே கெடக்கே, அதப் பாக்க அம்புட்டுத் தூரம் போகணுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊர் வத்தலக்குண்டுக்குத் தெற்கே, ராத்திரி பஸ் ஏறி வர வேண்டிய ஒரு சிறு நகரம். பெயரைச் சொன்னால் குப்பை வண்டிக்காரர் கோபித்துக்கொள்வார், அதனால் விட்டுவிடுகிறேன். வீட்டில் மக்கும் குப்பையைப் பச்சைக் கூடையிலும் மக்காததை நீலக் கூடையிலும் பிரித்துப் போடுகிறோம். காலையில் வண்டி வருகிறது. இரண்டு கூடையும் ஒரே தொட்டிக்குள் கவிழ்கின்றன. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் மருமகன் ஜெகன், கொடைக்கானலில் சின்ன லாரி ஓட்டுகிறவர். அங்கே விடுதிகளின் குப்பை உரமாகி, மூட்டையாகி, தோட்டம் வரைக்கும் போகிறது என்று அவர்தான் சொன்னார். சனிக்கிழமை வடகவுஞ்சி கிராமத்துக்கு ஒரு லோடு போவதாகவும், வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்றும் கூப்பிட்டார். நேரில் பார்த்துவிட்டு, பொய்யாக இருந்தால் நன்றாகத் திட்டலாம் என்று கிளம்பிவிட்டேன்.

8.50. வெள்ளி அருவிக்குப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் ஏறினார். "யாருகிட்ட பிளாஸ்டிக் பாட்டில் இருக்கு? ஒளிச்சு வெக்காதீங்க, ஒரு பாட்டிலுக்கு இருபது ரூவா" என்றார். மலையில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. கொண்டு வந்தால் பசுமை வரி கட்ட வேண்டும். எனக்கு முன் சீட்டில் இருந்தவர் உடனே தன் பாட்டிலைத் திறந்து ஒரு லிட்டர் தண்ணீரையும் மடக்கு மடக்கென்று குடித்து முடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தீந்துபோச்சும்மா" என்று காலி பாட்டிலைக் காட்டினார்.

"தண்ணிக்கு யாருங்க வரி கேட்டா? பாட்டிலுக்குத்தான். இருபது ரூவா எடுங்க."

அவர் கட்டினார். பிறகு ஊர் வந்து சேரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு வந்திருந்ததால் மனசுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

9.25. கொடைக்கானல். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில் அறை எடுத்தேன், ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். பகல் முழுக்க ஊரைச் சுற்றினேன். மதுக்கடை வாசலில் ஒருவர் காலி பாட்டில்களைச் சாக்கில் கொண்டுவந்து எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இங்கே வாங்கும்போது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறார்கள். காலி பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பத்து ரூபாய் கையில் வரும். குடித்தவர் திருப்பாவிட்டாலும் பொறுக்கினவர் திருப்பிவிடுகிறார். அன்று நான் நடந்த பாதைகளில் உடைந்த பாட்டில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இந்தத் திட்டத்தைப் போட்டவருக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை 4.40. அறைக்குத் திரும்பியபோது விரல் விறைத்திருந்தது. மேசையில் மின்கெட்டில், இரண்டு கோப்பை, சர்க்கரைப் பொட்டலம், நூல் கட்டிய தேயிலைப் பை இரண்டு. ஒன்றை வெந்நீரில் முக்கி டீ போட்டுக் குடித்தேன். டீ என்ற பெயருக்குத் தகுதியில்லாத பானம். சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது: மக்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மக்காத குப்பை நீலத் தொட்டியில். சர்க்கரைப் பொட்டலத்தின் உறையை நீலத்தில் போட்டேன். தேயிலைப் பையைக் கையில் வைத்து ஒரு கணம் யோசித்தேன். தேயிலை மக்கும், நூல் மக்கும், அட்டை மக்கும். பச்சையில் போட்டேன். எங்கள் ஊரில் எனக்குக் கிடைக்காத ஒரு திருப்தி கிடைத்தது. ராத்திரி விடுதிப் பையன் வந்து இரண்டு தொட்டியையும் காலி செய்துகொண்டு போனான்.

சனிக்கிழமை, காலை 7.00. உரக்கூடம் ஊருக்கு வெளியே ஒரு சரிவில் இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை. எட்டுப் பெண்கள் கொண்ட மகளிர் குழு அதை நடத்துகிறது. குழுத் தலைவி புஷ்பராணி, ஐம்பதை ஒட்டிய வயது, தலையில் கம்பளித் தொப்பி, புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை. நான் போனபோது ஏழு பேரும் வரிசையாக நிற்க, அவர் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பெரட்டு முடியட்டும் சார், அப்புறம் கதைப்போம்" என்றார்.

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவதற்கு அப்படிப் பெயராம். இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டக் குடும்பங்கள் இந்த மலையில் நிறைய உண்டு. இந்த எட்டுப் பேரும் அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். "எங்கம்மா ஹட்டன் பக்கம் கொழுந்து எடுத்தவங்க. நான் இங்கதான் பொறந்தேன். பேச்சு மட்டும் அங்கிட்டே நின்னுருச்சு" என்று சொல்லிச் சிரித்தார். பேச்சு மட்டுமல்ல. தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு எட்டாகப் பிரித்திருந்தார்கள். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு வரிசைச் செடி ஒதுக்குவது போல, இங்கேயும் ஆளுக்கு ஒரு நெரை. அவரவர் நெரையில் கொட்டின குப்பைக்கு அவரவர்தான் பொறுப்பு. ஏதாவது தப்பிப் போனால் யார் நெரை என்று கேட்டுவிடலாம்.

7.30க்கு விடுதிகளின் டிரம்கள் வந்து இறங்கின. என் விடுதியின் பெயர் எழுதிய டிரம்மும் அவற்றில் இருந்தது. வெளியூரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி சந்தோஷமாக இருந்தது. நான்காவது நெரையில் கொட்டினார்கள். முட்டைக்கோஸ் தண்டு, சோறு, முட்டை ஓடு, ஆரஞ்சுத் தோல். பெண்களின் கைகள் அதற்குள் போய் ஷாம்பு உறையையும் பால் பாக்கெட்டின் வெட்டிய மூலையையும் கண்டுபிடித்து வெளியே வீசின. சின்ன மூலைதான், நகத்தளவு இருக்கும். அதையும் விடவில்லை.

"கீழ நாட்டுல நாப்பத்தஞ்சு நாள்ல மக்கிரும்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க சார்" என்றார் புஷ்பராணி. "இங்க குளிருக்குத் தயிரே ஒரு ராத்திரில ஒறையாது. நாப்பத்தஞ்சாம் நாள் பிரிச்சுப் பாத்தா கோசுத்தண்டு போட்டபடிக்கே கெடக்கு. தொண்ணூறு நாள் வேணும். சாக்கப் போட்டுப் போத்தி வெச்சாத்தான் சூடு புடிக்குது."

பின்சுவர் முழுக்க உர மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கைப்பிடி அள்ளி மோந்து பார்த்தேன். மழை பெய்த மண்ணின் வாசனை. இவ்வளவு நல்ல சரக்கு ஏன் இங்கேயே நிற்கிறது என்று கேட்டேன்.

அவர் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து சொன்னார். ரெண்டு வருடத்துக்கு முன்னால், இந்தப் பெண்கள் பொறுப்பேற்பதற்கு முன்பு, குப்பையைச் சரியாகப் பிரிக்காமலே அரைத்து உரமென்று அனுப்பியிருக்கிறார்கள். வடகவுஞ்சியில் வீரணன் என்ற விவசாயி அதை வாங்கினார். பீன்ஸ் நடும்போது குழிக்குழியாகக் கையால்தான் உரம் வைப்பார்கள். மது பாட்டிலின் சில்லு ஒன்று அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அந்தப் பருவம் முழுக்க அவருக்கு வேலை இல்லை. அதோடு அந்தப் பக்கத்தில் ஒருத்தரும் டவுன் உரத்தைத் தொடுவதில்லை. வீரணன் வாங்கினால் ஊர் வாங்கும் என்பதுதான் நிலைமை.

"ஐப்பசி மழைக்குள்ள இந்த மூட்டையெல்லாம் நகரலேன்னா கூடத்த மூடிருவோம்னு நகராட்சி ஆபீசுல சொல்லிட்டாங்க. வெக்க எடமில்லையே, அவங்களும் என்ன செய்வாங்க? அப்புறம் எல்லாக் குப்பையும் பழையபடி ஒண்ணா மேட்டுக்குப் போயிரும். எங்க எட்டுப் பேருக்கும் சோலி இல்ல. ஒரு லோடு பாத்துட்டுச் சொல்றேன்னு வீரணன் அண்ணன் இப்பத்தான் எறங்கி வந்திருக்காரு. அதான் சார் இன்னைக்கு."

புரட்டாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

8.40. ஜெகன் வண்டியோடு வந்தார். நாற்பது கிலோ மூட்டை இருபது ஏற்றினார்கள். முந்தின நாளே ஒவ்வொரு மூட்டையையும் புஷ்பராணி அவிழ்த்து மறுபடி ஒரு தடவை சல்லடையில் விட்டிருந்தாராம். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முன் இருக்கையில் மூன்று பேராக நெருக்கி உட்கார்ந்தோம்.

"ரெகுலரா நமக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட் லோடு சார்" என்றார் ஜெகன். "வில்லேஜ்ல பீன்ஸ் ஏத்திக் கீழ எறக்கிருவேன். ஆனா இங்கருந்து வில்லேஜ் வரைக்கும் எம்ட்டியாத்தான் போகணும். அக்கா கேட்டாங்க, எம்ட்டியாத்தான போற, இத ஏத்திக்கன்னாங்க. டீசல் எப்பிடியும் எரியுது, வெயிட்டா பெருசு?"

காலி வண்டி ஓட்டுவது டெப்போவில் பெரிய குற்றம். அதற்காக எத்தனையோ பேரிடம் நான் விளக்கம் கேட்டிருக்கிறேன். ஆகவே ஜெகனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பெருமாள்மலையில் பழனி சாலைக்குத் திரும்பி இறங்கினோம். மூட்டம் விலகி, வெயில் கொஞ்சம் தலைகாட்டியது.  புஷ்பராணி வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, தார்ப்பாய் கட்டியிருக்கிறதா என்று கேட்டார்.

10.15. வடகவுஞ்சி. வீரணனின் தோட்டம் சாலையிலிருந்து சற்றுக் கீழே. மேல்பகுதி காப்பிச் செடி, கீழே பீன்சுக்காகப் பறித்து வைத்த குழிகள். பேருக்கு ஏற்ற உருவமில்லை. மெலிந்த மனிதர், துண்டைத் தலையில் கட்டியிருந்தார்.

"யாரும்மா இவரு, ஆபீசரா?"

"இல்லைங்க. வேடிக்கை பார்க்க வந்தேன்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. ஆபீசரா இருந்தா நல்லாருக்கு நல்லாருக்குன்னுட்டு வண்டில ஏறிருவாரு."

இருபது மூட்டையையும் இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். வீரணன் அவற்றுக்கு நடுவே நடந்து, தட்டிப் பார்க்காமல், ஐந்தைக் காட்டினார். ஜெகன் கட்டை அவிழ்த்தார். வீரணன் முதல் மூட்டைக்கு முன்னால் குந்தி, வலது கையை வெறுங்கையாக முழங்கை வரைக்கும் உள்ளே விட்டார். கண் எங்கோ காப்பிச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை மட்டும் அடியில் துழாவியது. அந்தக் கையின் உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு. வெளியே எடுக்கும்போது பார்த்தேன். விரலை விரித்து உரத்தை உதிர்த்தார். அடுத்த மூட்டைக்கு நகர்ந்தார்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எதிலும் ஒன்றுமில்லை. புஷ்பராணி முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். நானும் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திட்டுவதற்காக வந்தவன் நான் என்பது மறந்தே போயிற்று.

ஐந்தாவது மூட்டையில் கை நின்றது. மெதுவாக வெளியே எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் சுருங்கிய ஏதோ ஒன்று. உதறினார். உள்ளிருந்த பொடி கொட்டிப்போக, சதுரமாக ஒரு சின்ன வலைத்துணி விரிந்தது. ஓரத்தில் ஒரு கம்பிப் பின். நூலும் அட்டையும் மக்கிப்போயிருந்தன. வலை மட்டும் புத்தம்புதிதாக இருந்தது.

"இது என்ன தங்கச்சி?"

புஷ்பராணி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் இழுத்தார். கிழியவில்லை.

"தேத்தண்ணிப் பை" என்றார். "லாட்ஜுல குடுக்குறது. நாங்க இதப் பேப்பருன்னுல்ல நெனச்சோம்."

"சலிக்கலையா?"

"ரெண்டு வாட்டி சலிச்சேண்ணே. மெத்துனு இருக்குறதால மடங்கிச் சல்லடையிலயே எறங்கிருச்சு போல." வலையை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உள்ளதச் சொல்லிர்றேன். மத்தது எல்லாத்தையும் பிரிச்சுப் பாப்போம். வாழைப்பழத் தோலக்கூட விரிச்சுப் பாப்போம். தேத்தூளப் பாத்தா மட்டும் கை வெக்க மாட்டோம். அது நம்ம சாமான், மண்ணுக்கு நல்லதுன்னு அப்பிடியே குவியல்ல தள்ளிருவோம். எட்டுப் பேரும் அப்பிடித்தான். தேயிலையக் கொண்டுபோயி நைலான்ல கட்டுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"இந்த மாதிரி இன்னும் எத்தன கெடக்கும்?"

"தெரியாதுண்ணே."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீதி மூட்டைகளை வீரணன் அவிழ்க்கப் போவதில்லை. ஆனால் புஷ்பராணி தெரியாது என்றுதான் சொன்னார்.

வீரணன் அந்தப் பின்னைக் கட்டைவிரல் நகத்தின் கீழ் லேசாகக் குத்திப் பார்த்தார். நான் அந்தப் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கோப்பையில் மிதந்த பையிலும் அதே இடத்தில் அதே பின் இருந்தது. வீரணன் கையில் இருந்தது என்னுடையது அல்ல; மூன்று மாதத்துக்கும் முன்னால் யாரோ டீ குடித்தவருடையது. அவரும் என்னைப் போலவே யோசித்துத்தான் பச்சையில் போட்டிருப்பார்.

"கைய அறுக்கல" என்றார் வீரணன் கடைசியில். "அதுக்காக நல்லதுன்னும் சொல்ல மாட்டேன். இது நகக்கண்ணுல ஏறுச்சுன்னா அன்னைக்குச் சோலி அம்புட்டுத்தான். இந்த இருபதும் இருக்கட்டும், காப்பிக்குப் போட்டுக்கிறேன். அங்க மம்பட்டியால தள்ளி விட்ருவோம், கைய விட வேண்டியதில்ல. தாண்டிக்குடிப் பக்கம் என் மச்சானும் காப்பிதான் வெச்சிருக்கான், கூடத்துல இருக்குற மிச்சத்துக்கு அவங்கிட்டச் சொல்றேன். ஆனா பீன்சுக் குழிக்கு இது வேணாம். மார்கழிக் கடைசில அடுத்த நடவு. அப்பப் புது லோடு கொண்டா."

"கொண்டாறேண்ணே."

"அப்பவும் கைய விடுவேன். அதுல இது ஒண்ணு ஆப்பட்டாலும் சரி, மறுக்கா இந்த ஊருக்குள்ள வராத. காப்பிக்காரன் வருசத்துல ஒருக்காத்தான் ஒரம் கேப்பான். பீன்சுக்காரன நம்பித்தான் ஒங்க கூடம் ஓடணும், அது ஒனக்கே தெரியும்."

"தெரியும்ணே" என்றார் புஷ்பராணி.

வீரணன் வீட்டில் வரக்காப்பி கொடுத்தார்கள். அவர் தோட்டத்துக் காப்பிதான். நன்றாக இருந்ததா என்று எனக்கு நினைவில்லை.

11.50. ஜெகன் பீன்ஸ் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரத்துக்கு இறங்கிவிட்டார். நாங்கள் இருவரும் பிரிவுச் சாலைக்கு நடந்து கொடைக்கானல் பஸ்ஸைப் பிடித்தோம். பன்னிரண்டரைக்கு வர வேண்டியது 12.55க்கு வந்தது. பெருமாள்மலை தாண்டும்வரை சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் இழுபறி. பிறகு சொல்லிவிட்டேன்.

"நேற்றுச் சாயங்காலம் நானும் ஒரு பையைப் பச்சைத் தொட்டியில் போட்டேன்மா."

புஷ்பராணி என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

"எந்த லாட்ஜு சார்?"

சொன்னேன்.

"நாலாவது நெரை. நான் உங்களோட கதைச்சுக்கிட்டு நிக்கையிலயே குவியல்ல சேத்துட்டாங்க." விரலை மடக்கி நாளை எண்ணினார். "இன்னைக்குப் போட்டது மார்கழி பொறந்துதான் பிரிப்போம். காய வெச்சு, சலிச்சு, மாசக் கடைசில வண்டி ஏறும்."

"அப்படியென்றால் அது வீரணன் கை விடப்போகிற லோடு."

"ஆமா சார். அதுதான்."

2.10. கூடத்தில் ரப்பர் பூட்ஸும் கையுறையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒத்தப் பைக்காகவா என்று மற்ற பெண்கள் சிரித்தார்கள். புஷ்பராணி சிரிக்கவில்லை, தானும் ஒரு கவைக்கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். காலையில் சேர்த்த குவியலைத் தரையில் பரப்பினோம். எனக்கு வயது அறுபத்து மூன்று, இடுப்பு ஒத்துழைக்கவில்லை. சோற்றுக்குள்ளும் தோலுக்குள்ளும் தேடத் தேடத் தேயிலைப் பைகள் வந்துகொண்டே இருந்தன. சில காகிதம், தொட்டாலே கிழிந்தன. சில நைலான். புஷ்பராணி ஒவ்வொன்றாகப் பிய்த்து, தூளைக் குவியலில் உதறி, வலையையும் பின்னையும் வாளியில் போட்டார். நாலே முக்காலுக்கு வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது வாளியில் நாற்பத்து மூன்று வலை சேர்ந்திருந்தது. என்னுடையது அதில் உண்டா என்றால் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நாங்கள் பரப்பியதும் குவியலின் மேல்பாதிதான். அடிப்பாதி முந்தின நாள் குப்பையோடு கலந்துவிட்டது.

"போதும் சார். எந்திரிங்க, ஒரு தேத்தண்ணி குடிப்போம்" என்றார்.

அடுப்பில் தூளைக் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டி, இஞ்சி தட்டிப் போட்ட டீ. இரண்டு டம்ளர் குடித்தேன். வடிகட்டிய தூளை அவர் வழக்கம்போலக் குவியலில் எறியப் போனவர், கை நின்று, ஒரு தடவை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு எறிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 7.00. ஊருக்குக் கிளம்பும் முன் விடைபெறப் போனேன். பெரட்டு நடந்துகொண்டிருந்தது. தரையில் புதிதாக ஒன்பதாவது சுண்ணாம்புக் கோடு.

"இன்னைலருந்து தேத்தூளுக்குத் தனி நெரை" என்று புஷ்பராணி சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு பை விடாமப் பிச்சுப் பாக்கணும். நம்ம சாமான்னு எவளும் பாவம் பாக்கக் கூடாது. அந்த நெரைல நானே நிக்கிறேன்."

என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

விடுதியில் அறையைக் காலி செய்யும்போது முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "டூரிஸ்ட் எல்லாரும் ரூம்ல டீ கேக்குறாங்க சார், நான் என்ன பண்ண? சுவத்துல இன்னொரு நோட்டீஸ் ஒட்டிர்றேன்" என்றார். அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் நான் தப்பு செய்தேன் என்று அவருக்கு விளக்கத் தெரியவில்லை. பாட்டிலுக்குக் கண்டுபிடித்த மாதிரி இதற்கும் ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும். யார், எப்போது என்று தெரியாது. அதுவரை ஒன்பதாவது கோட்டில் புஷ்பராணிதான் நிற்க வேண்டும்.

8.30 வண்டி 8.30க்கே புறப்பட்டது. பாராட்டக் கண்டக்டரைத் தேடினேன், அவர் பின்பக்கம் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தார்.

மாலை 4.15. வீடு. மனைவி டீ கொடுத்தாள். வடிகட்டியில் தங்கிய தூளை அவள் கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டுவதைப் பார்த்தேன். இத்தனை வருடமாகச் செய்கிறாள். அறிவிப்பும் இல்லை, தொட்டியும் இல்லை. மறுநாள் காலையில் எங்கள் தெரு வண்டி வந்தது, இரண்டு கூடையும் ஒரே தொட்டிக்குள் கவிழ்ந்தன. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். ஏனோ வரவில்லை. நாளைக்கு நிச்சயம் கேட்பேன், ஆனால் கொஞ்சம் மரியாதையாகக் கேட்பேன்.

கொடைக்கானலில் என்ன பார்த்தாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குப்பை என்றால் சிரிக்கிறார்கள். மீதியை நான் அவர்களிடம் சொல்வதில்லை. என் குறிப்பேட்டில் ஒரு வரி மட்டும் பாதியில் நிற்கிறது. தேயிலைப் பை புறப்பட்ட நேரம்: வெள்ளி, மாலை 4.40. வந்து சேர்ந்த நேரம் என்ற இடம் காலியாக இருக்கிறது. டெப்போவில் ஒரு வண்டி வந்து சேராமல் நான் ஒரு நாளும் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. இந்தத் தடவை கிளம்பி வந்துவிட்டேன். மார்கழிக் கடைசியில் புஷ்பராணிக்குப் போன் செய்ய வேண்டும். செய்யப் பயமாக இருக்கிறது.